மனத்தை அளக்க யாருடைய அளவுகோல்? காலனியமும் மனநல மருத்துவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய அறிவுத்துறைகளைக் காலனியத்துக்குப் பிந்தைய உலகத்தின் பக்கம் நின்று மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற விவாதம் பெரும்பாலும் இலக்கியத்தையும் வரலாற்றையும் சுற்றியே நடக்கிறது. ஆனால் அந்த விவாதம் நோயுற்ற மனிதரின் வாழ்வையே தொட்ட இடம் மனநல மருத்துவமனை. அதனால் அந்த ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, மாணவர்களும் சமூகப் பணியாளர்களும் நோயாளிகளின் குடும்பத்தினரும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது.

மனநல மருத்துவம் ஓர் அறிவியல்தானே? அதில் மேற்கு, கிழக்கு என்ற பேச்சு எதற்கு?

காய்ச்சலுக்குக் காரணம் டைபாய்டு கிருமியா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். மனச்சோர்வையோ மனச்சிதைவையோ உறுதிசெய்ய இன்றளவும் அப்படிப்பட்ட பரிசோதனை கிடையாது. நோயாளியின் பேச்சு, உறக்கம், பிறரோடு பழகும் விதம் ஆகியவற்றைக் கேட்டும் கண்டும்தான் மருத்துவர் முடிவெடுக்கிறார். அப்படி முடிவெடுப்பதற்கு, இயல்பான மனிதர் எதற்கு அஞ்சுவார், எத்தனை நாள் அழுவார், இறந்துபோன கணவரோடு பேசுவதாக ஒரு பெண் சொன்னால் அது துக்கமா நோயா என்பவை பற்றிய ஒரு கருத்து அவருக்குள் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். அந்தக் கருத்து எந்தச் சமூகத்தின் வாழ்க்கையிலிருந்து உருவானது என்று கேட்பது அறிவியலுக்கு எதிரான செயல் ஆகாது. அறிவியல் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் 6 முதன்மையான இதழ்களில் 2003 முதல் 2007 வரை வெளிவந்த கட்டுரைகளை ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்திய தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும், அமெரிக்கர்கள் மட்டுமே 68 விழுக்காட்டினர் என்றும் அவர் 2008இல் காட்டினார். அந்த நாடுகளில் வாழ்வோர் உலக மக்கள்தொகையில் சுமார் 12 விழுக்காட்டினரே. இவ்வளவு குறுகிய வட்டத்தில் கண்டறிந்ததை ‘மனித மனம்’ என்று பொதுப்பெயரிட்டு எழுதுவது எத்தனை துணிச்சலான காரியம் என்பதற்குக் கண்பார்வை பற்றிய பழைய சோதனை ஒன்றே சான்று. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளில் ஒன்றின் முனைகளில் உள்நோக்கிய அம்புக்குறிகளையும் மற்றொன்றில் வெளிநோக்கியவற்றையும் வரைந்தால், ஒரு கோடு நீளமாகவும் மற்றது குட்டையாகவும் தோன்றும். எல்லா மனிதருக்கும் பொதுவானது என்று கருதப்பட்ட இந்தக் கண்மயக்கம் அமெரிக்கர்களிடம் மிக வலுவாகவும், கலகாரிப் பாலைவனத்தின் சான் மக்களிடம் ஏறத்தாழ இல்லாமலும் இருந்தது என்று 1966இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. நேர்கோடுகளும் மூலைகளும் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களின் பழக்கம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கோட்டின் நீளத்திலேயே இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், துயரத்தின் நீளத்தைப் பற்றி எவ்வளவு எச்சரிக்கையோடு பேச வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

காலனி நாடுகளில் இந்தத் துறை உண்மையில் என்ன செய்தது?

ஆட்சியாளருக்கு வேண்டிய விளக்கங்களை மருத்துவ மொழியில் எழுதிக்கொடுத்தது. எல்லா மருத்துவரும் அப்படிச் செய்யவில்லை என்றாலும், செய்தவர்களின் செல்வாக்கு பெரிதாக இருந்தது.

இதற்கு முன்னோட்டம் அமெரிக்கத் தோட்டங்களில் நிகழ்ந்தது. அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோய் என்று அறிவித்து, அதற்கு மருத்துவப் பெயர் ஒன்றையும் 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் சூட்டினார். விடுதலையை விரும்புவது நோய் என்றால், அடிமை முறை உடல்நலம் ஆகிவிடுகிறது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் பேராசிரியர் அந்துவான் பொரோவும் அவருடைய மாணவர்களும், வட ஆப்பிரிக்க முஸ்லிம் இயல்பிலேயே மூர்க்கமும் பொய்யும் சிந்தனைச் சோம்பலும் உடையவர் என்றும், அது அவருடைய மூளையின் அமைப்பிலேயே ஊறியது என்றும் பல பத்தாண்டுகள் கற்பித்தார்கள். கென்யாவில் நைரோபியின் மாத்தாரி மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பாக இருந்த ஜான் கொலின் கேரதர்ஸ், உலக சுகாதார நிறுவனத்துக்காக 1953இல் எழுதிய ஆய்வுநூலில், ஆப்பிரிக்கரின் மனப்போக்கு மூளையின் முன்பகுதி இணைப்புகள் அறுக்கப்பட்ட ஐரோப்பிய நோயாளியின் மனப்போக்கை ஒத்திருக்கிறது என்று வாதிட்டார். இதை வெளியிட்டது ஏதோ ஒரு இனவெறி அமைப்பு அன்று, ஐக்கிய நாடுகள் சபையின் அங்கமான ஒரு நிறுவனம் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த ஆண்டிலேயே அதே கேரதர்ஸ், கென்ய அரசுக்காக மாவ் மாவ் கிளர்ச்சியின் உளவியல் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தங்கள் நிலம் வெள்ளைக் குடியேறிகளுக்குப் பறிபோனதை எதிர்த்து கிக்குயு மக்கள் ஆயுதம் எடுத்திருந்தார்கள். பழைய வாழ்வையும் விட்டுப் புதியதையும் எட்ட முடியாமல் தத்தளிக்கும் மனத்தின் கோளாறாக அந்த அறிக்கை அந்தக் கிளர்ச்சியைச் சித்திரித்தது. நிலத்தைப் பற்றிய கேள்வி இவ்வாறு நரம்புகளைப் பற்றிய கேள்வியாக மாற்றப்பட்டது. அந்தக் காலத்துத் தடுப்பு முகாம்களில் வதைபட்டவர்களில் 5,228 பேருக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் சேர்த்து 19.9 மில்லியன் பவுண்டு தருவதாக பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொள்ள 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் நிலைமை எப்படி இருந்தது?

ராஞ்சியில் 1918இல் ஐரோப்பியருக்கென்று ஒரு மனநலக் காப்பகமும், பின்னர் அதன் அருகிலேயே இந்தியருக்கென்று தனியாக ஒன்றும் அமைக்கப்பட்டன. ஐரோப்பியக் காப்பகத்தின் தலைவர் ஓவன் பெர்க்லி ஹில், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய வியன்னா மருத்துவர் ஃபிராய்டின் கோட்பாட்டை இந்துக்களின் சமயத்துக்கும் குணத்துக்கும் பொருத்தி, அவர்களைக் குழந்தைப்பருவ நிலையில் தேங்கியவர்களாகக் காட்டும் கட்டுரை ஒன்றை 1921இல் வெளியிட்டார்.

அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் வேறு பாதையில் நடந்துகொண்டிருந்தார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய அவர் ஃபிராய்டோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பில் இருந்தார். தம்முடைய வங்காள நோயாளிகளிடம் தாம் காண்பது வியன்னாவில் ஃபிராய்ட் கண்டதிலிருந்து வேறுபடுகிறது என்பதை மரியாதையோடும் தயக்கமின்றியும் எழுதினார். தந்தையால் ஆண்மை பறிபோகும் என்ற அச்சம் ஃபிராய்டின் கோட்பாட்டுக்கு அச்சாணி. போஸோ தம் ஆண் நோயாளிகளிடம் பெண்ணாக வேண்டும் என்ற ஆசையையே முதன்மையாகக் கண்டதாகச் சொன்னார். ஃபிராய்ட் பண்போடு பதில் எழுதினாலும் கோட்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. போஸ் சொன்னது முழுக்கச் சரியா என்பது வேறு விவாதம். காலனி நாட்டிலிருந்து ஒருவர் தரவுகளை மட்டும் அனுப்பாமல் கோட்பாட்டையே அனுப்பினார் என்பதும், அதைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் அந்தத் துறைக்கு அப்போது இல்லை என்பதுமே இங்கே முக்கியம்.

ஃபிரான்ஸ் ஃபனானின் பெயர் இந்த விவாதத்தில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அவர் மருத்துவமனையில் என்ன செய்தார்?

ஃபனானை அரசியல் எழுத்தாளராக மட்டும் அறிந்தவர்கள் பலர். அவர் தொழிலால் மனநல மருத்துவர். கரீபியத் தீவான மார்த்தினிக்கில் 1925இல் பிறந்து பிரான்சில் மருத்துவம் படித்தவர். சாந்த் அல்பான் மருத்துவமனையில் பிரான்சுவா தோஸ்கெல் என்ற ஸ்பானிய அகதி மருத்துவரிடம் பயின்றபோது, மருத்துவமனையையே ஒரு சிறு சமூகமாக மாற்றி அதன் வழியே நோயாளியைக் குணப்படுத்தும் முறையை அவர் கற்றுக்கொண்டார். 1953ஆம் ஆண்டின் இறுதியில் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனைக்கு வந்தபோது அந்த முறையை உற்சாகத்தோடு நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்.

அவர் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். பெண்களின் பிரிவில் கூட்டங்கள் நடத்தப்பட்டன, நோயாளிகளே எழுதும் செய்தித்தாள் தொடங்கப்பட்டது, திரைப்படங்கள் காட்டப்பட்டன, தையல் வேலை கற்பிக்கப்பட்டது, கிறிஸ்துமஸ் கொண்டாடப்பட்டது. சில மாதங்களில் அந்தப் பிரிவின் முகமே மாறியது. இதே முறைகள் முஸ்லிம் ஆண்களின் பிரிவில் முழுத் தோல்வி அடைந்தன. கூட்டங்களுக்கு வந்தவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். செய்தித்தாளை எவரும் தொடவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூடை முடைய ஓலை கொடுத்தபோது விலகிப் போனார்கள்.

பொரோவின் மாணவர் எவராவது இதைக் கண்டிருந்தால், அல்ஜீரியரின் மூளை மந்தமானது என்பதற்கு இன்னொரு சான்று கிடைத்ததாக எழுதியிருப்பார். ஃபனானும் அவருடைய பயிற்சி மருத்துவர் ஜாக் அசுலேயும் நோயாளிகளைக் குறைசொல்லாமல் முறையைக் குறைசொன்னார்கள். ஐரோப்பியப் பெண்களுக்கான ஏற்பாடுகளைக் கூட்டுக் குடும்பத்திலும் கிராமத்திலும் மசூதியைச் சுற்றியும் வாழ்ந்த ஆண்கள்மீது அப்படியே சுமத்தினோம் என்றும், அது காலனி ஆட்சி செய்யும் வேலையையே நாங்களும் செய்ததாகும் என்றும் 1954இல் வெளியிட்ட கட்டுரையில் வெளிப்படையாக எழுதினார்கள். மொழிபெயர்ப்பாளரைப் பற்றி அவர்கள் கண்டறிந்தது மிக நுட்பமானது. ஃபனானுக்கு அரபும் தெரியாது, அங்கே பேசப்பட்ட கபீல் மொழியும் தெரியாது. அல்ஜீரியக் குடியானவர் தம் வாழ்நாளில் மொழிபெயர்ப்பாளரைச் சந்தித்த இடங்கள் நீதிமன்றமும் அரசு அலுவலகமும்தான். மருத்துவரின் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் வந்து நின்றவுடனேயே, மருத்துவமனை அந்த நோயாளிக்கு விசாரணைக் கூடமாகிவிடுகிறது.

அதன்பின் மருத்துவமனைக்குள் அந்த ஊர்ப் பாணியில் ஒரு காப்பிக்கடை அமைக்கப்பட்டது. ஆண்கள் அங்கே உட்கார்ந்து பேசினார்கள். முஸ்லிம் பண்டிகைகள் முறைப்படி கொண்டாடப்பட்டன. ஊர் ஊராகச் சென்று கதை சொல்பவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். முதல் முயற்சியில் வாய் திறக்காதிருந்த பிரிவில் உயிர் வந்தது.

படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் சோதனை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அது என்ன?

மங்கலான படங்களைக் காட்டி, ‘இங்கே என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன நடந்திருக்கும்?’ என்று கேட்டு, வரும் கதையிலிருந்து ஒருவரின் உள்மனத்தை அறியும் சோதனை அது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1930களில் உருவானது. ஃபனானும் சார்ல் ஜெரோனிமியும் இதை அல்ஜீரிய முஸ்லிம் பெண்களிடம் நடத்தியபோது கதையே வரவில்லை. படத்தில் உள்ள பொருள்களை அந்தப் பெண்கள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார்கள், இது என்ன, அது என்ன என்று தேடினார்கள், நிறுத்திக்கொண்டார்கள். படத்தின் சன்னலும் மாடிப்படியும் ஆண் பெண் நிற்கும் தோரணையும் அவர்கள் வாழ்ந்திராத ஒரு வாழ்க்கையைச் சேர்ந்தவை.

அந்தத் தொகுப்பில் ஒன்றுமே வரையப்படாத வெள்ளை அட்டை ஒன்று உண்டு. அதைக் காட்டியபோது அதே பெண்கள் வளமான, விரிவான கதைகளைச் சொன்னார்கள். கற்பனை வறண்டவர்கள் என்று எழுதிவைக்கப்படவிருந்தவர்களின் கற்பனை, பிறருடைய படம் விலகிய இடத்தில் தடையின்றி வெளிப்பட்டது. 1956இல் வெளியான இந்தச் சிறு கட்டுரை, பெருங்கோட்பாட்டு நூல்கள் பலவற்றைவிட இந்த விவாதத்துக்கு அதிகம் தருகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஃபனான் வன்முறையை ஆதரித்தவர் அல்லவா? அவரை மருத்துவத்துக்கு எப்படி முன்னுதாரணமாகக் கொள்வது?

அல்ஜீரியப் போர் தொடங்கியபின் அவர் 1956இல் பதவி விலகி, விடுதலை இயக்கத்தில் சேர்ந்தார். ஆயுதப் போராட்டத்தை நியாயப்படுத்தி அவர் எழுதியதை மறைக்க வேண்டியதில்லை. அதை ஏற்காதவர்கள் ஏற்காமலே இருக்கலாம். ஆயினும் அந்த வாதத்தை முன்வைத்து 1961இல் வெளியான நூலின் இறுதிப் பகுதியில் அவர் மருத்துவராகவே பேசுகிறார். சித்திரவதைக்கு உள்ளானவர்களின் நோய்க்குறிப்புகளுக்கு அருகிலேயே, பிறரைச் சித்திரவதை செய்து பழகி வீட்டில் மனைவியையும் குழந்தைகளையும் அடிக்கத் தொடங்கிய பிரெஞ்சுக் காவல் அதிகாரியின் நோய்க்குறிப்பும் இருக்கிறது. அந்த அதிகாரி வேலையை விட விரும்பவில்லை. மன உறுத்தலின்றி அதைத் தொடர்வதற்குத்தான் சிகிச்சை கேட்டார். ஓர் ஆட்சிமுறை நோயை உண்டாக்கும்போது, தனிமனிதரை மட்டும் சரிசெய்து அதே ஆட்சிக்குத் திருப்பி அனுப்புவது மருத்துவமா என்ற கேள்வியிலிருந்து ஃபனானின் பதவி விலகலைப் பிரிக்க முடியாது. ஃபனான் 1961 டிசம்பரில் தம் 36ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு அல்ஜீரியா விடுதலை பெற்றது.

மறுபரிசீலனை விமர்சனத்தோடு நின்றுவிட்டதா? மாற்று ஏதேனும் கட்டப்பட்டதா?

கட்டப்பட்டது, அதுவும் ஃபனானின் காலத்திலேயே. நைஜீரியாவின் அபெயோகுட்டா நகருக்கு அருகில் உள்ள ஆரோ மருத்துவமனையில், பிரிட்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய தாமஸ் அடியோயே லாம்போ 1954 முதல் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தார். நோயாளிகள் காப்பகத்துக்குள் அடைக்கப்படாமல், சுற்றியிருந்த கிராமங்களின் வீடுகளில் தங்கினார்கள். குறைந்தது ஓர் உறவினராவது உடன் வந்து தங்க வேண்டும் என்பது நிபந்தனை. சமையலையும் துணையையும் அந்த உறவினர் பார்த்துக்கொள்வார். பகலில் மருத்துவமனைக்கு வந்து மருந்தும் பிற சிகிச்சைகளும் பெற்று, மாலையில் கிராமத்துக்குத் திரும்புவார்கள். யொரூபா மரபு வைத்தியர்களையும் லாம்போ தம் பணியில் சேர்த்துக்கொண்டார். அதேவேளை நவீன மருந்தை ஒருபோதும் கைவிடவில்லை. பிற்காலத்தில் அவர் உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநரானார்; கேரதர்ஸின் நூலை வெளியிட்ட அதே நிறுவனம்.

இந்தியாவிலும் இதற்கு இணையான முயற்சிகள் உண்டு. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் வித்யா சாகர் என்ற மருத்துவர், நோயாளிகளின் குடும்பத்தினர் தங்குவதற்கு வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்துக் கொடுத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் குடும்பத்தினர் உடன் தங்குவது தொடக்கம் முதலே நடைமுறை. பூட்டிய காப்பகம் என்ற ஐரோப்பிய அமைப்பை இறக்குமதி செய்த நாட்டில், குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவை இவை.

ஏழை நாடுகளில் மனச்சிதைவு எளிதில் குணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னதாமே?

அப்படி ஒரு முடிவு வந்தது உண்மை. 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு, ஆக்ரா, நைஜீரியாவின் இபாடான், கொலம்பியாவின் காலி, லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் உள்ளிட்ட 9 மையங்களில் 1,202 நோயாளிகளைச் சேர்த்து, சில ஆண்டுகள் கழித்து அவர்களின் நிலையை மீண்டும் பார்த்தது. ஆக்ராவிலும் இபாடானிலும் நோயாளிகள் மேற்கத்திய மையங்களில் இருந்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். கூட்டுக் குடும்பமும், திரும்பிச் சென்று செய்யத்தக்க எளிய வேலைகளும் காரணமாக இருக்கலாம் என்று பலர் எழுதினார்கள்.

நமக்கு இனிப்பான செய்தி என்பதற்காக இதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. சென்னை மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் தாராவும், வேறு மூவரும் 2008இல் இணைந்து எழுதிய கட்டுரை, இந்த முடிவு கேள்விக்கே இடமில்லாத உண்மைபோல ஆகிவிட்டதை எதிர்த்தது. ஏழை நாடுகளுக்குள்ளேயே விளைவுகள் பெரிதும் வேறுபடுகின்றன; சிகிச்சையே கிடைக்காதவர்களும் இளமையில் இறந்துபோகிறவர்களும் பலர்; திருமணமும் வேலையும் நலத்தின் அடையாளங்கள் என்று எடுத்துக்கொள்வதும் ஏமாற்றக்கூடியது. நோயின் காரணமாகக் கணவரால் கைவிடப்பட்டு, சட்டப்படியான மணமுறிவும் இல்லாமல் வயதான பெற்றோரின் வீட்டில் வாழும் பெண்களைத் தாராவின் குழுவினர் சென்னையில் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். ‘கீழை நாட்டுக் குடும்பம் தாங்கிக்கொள்ளும்’ என்ற புகழ்மொழியின் அடியில் அந்த எழுபது வயதுத் தாயின் உழைப்பு கணக்கில் வராமல் போகிறது. மேற்கைக் கேள்வி கேட்கும் அதே கண்டிப்போடு, நம்மைப் புகழும் முடிவுகளையும் கேள்வி கேட்டாக வேண்டும்.

அப்படியானால் மரபு முறைகளுக்கே திரும்பிவிடலாமா?

கூடாது. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதியின் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பி, தொலைவிலிருந்தெல்லாம் குடும்பத்தினர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அந்த மரணங்களை எண்ணிப் பார்க்காமல், மரபு என்ற சொல்லை இந்த விவாதத்தில் எவரும் பெருமையோடு உச்சரிக்கக் கூடாது என்று கருதுகிறேன்.

ஆயினும் அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கே சென்றன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பல மாவட்டங்களில் அன்று மனநல மருத்துவரே இல்லை. இருந்த இடத்திலும் மருத்துவர் கொடுத்தது ஐந்து நிமிடமும் ஒரு மருந்துச் சீட்டும். தர்காவிலோ கோயிலிலோ கோடாங்கியிடமோ நடந்தது முழுவதையும் ஒருவர் கேட்டார். ‘உன் பிள்ளைமேல் தப்பில்லை’ என்றார். தங்க இடமும் செய்ய ஒரு சடங்கும் கிடைத்தன. அந்தத் தேவை மூடநம்பிக்கை அன்று. ஏர்வாடி தர்காவிலேயே இன்று தொழுகையோடு சேர்த்து அரசு மனநல மருத்துவரின் சிகிச்சையும் கிடைக்கும் ஏற்பாடு இருப்பது, அந்தத் தேவையை மதித்துச் செய்யப்பட்டதாகும். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்திருக்கிறது. சட்டத்தையும் மருந்தையும் விட்டுக்கொடுக்காமல், கேட்கும் காதையும் தங்கும் இடத்தையும் மரபிடமிருந்து பெற்றுக்கொள்வதே நியாயமான வழி.

போர், சுனாமி போன்ற பேரழிவுகளுக்குப் பின் உளவியல் உதவி வருவது நல்லதுதானே?

உதவி நல்லதே, அது எந்த வடிவத்தில் வருகிறது என்பதுதான் சிக்கல். 2004 டிசம்பர் சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தபின், வெளிநாடுகளிலிருந்து பல ஆலோசனைக் குழுக்கள் வந்திறங்கின. பலர் கையில் இருந்தது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்கான வினாப்பட்டியல். அந்த நோய்ப்பெயர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு 1980இல் அமெரிக்க நோய்க் கையேட்டில் சேர்க்கப்பட்டது. போர் முடிந்து, பாதுகாப்பான ஊருக்குத் திரும்பிய தனிமனிதரை அது மனத்தில் வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் போர் அப்போது முடிந்திருக்கவில்லை. திரும்புவதற்கு ஊரும் பலருக்கு இல்லை.

யாழ்ப்பாணத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இலங்கையின் வடக்குப் பகுதி மக்களின் காயம் தனிமனிதரின் மூளையில் மட்டும் இருப்பதன்று, குடும்பத்திலும் ஊரிலும் உறவுகளுக்கு இடையிலான நம்பிக்கையிலும் இருப்பது என்று தொடர்ந்து எழுதிவந்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாயை எடுத்துக்கொள்வோம். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்ற இறப்புச் சடங்குகளைச் செய்தால் மகன் இறந்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாவிட்டால் துக்கத்துக்கு முடிவே இல்லை. உறக்கமின்மைக்கு மாத்திரை தரலாம், தரவும் வேண்டும். ஆனால் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் உட்கார்ந்து போராடத் தொடங்கிய தாய்மார் கேட்டது சிகிச்சை அன்று, பதில். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. அதை நோயாக எழுதிக்கொள்ளும் மருத்துவர் அரசின் பொறுப்பைத் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

உலகமயமாதலால் அறிவு இப்போது எல்லாத் திசைகளிலும் பாய்கிறதல்லவா?

ஓரளவுக்குத்தான். நோய்க் கையேடுகளும் மருந்துகளும் ஆய்வுப் பணமும் இன்னமும் பெரும்பாலும் உலகின் வடக்கிலுள்ள செல்வ நாடுகளிலிருந்து தெற்கிலுள்ள ஏழை நாடுகளுக்கு வருகின்றன. எதிர்த்திசையில் சென்றவற்றில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ஜிம்பாப்வேயின் ‘நட்பு இருக்கை’ திட்டம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே இருந்த நாட்டில், மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாரோடு இதைத் தொடங்கினார். சுகாதார நிலையத்தின் வெளியே மரநிழலில் ஒரு மர இருக்கை. அதில் பயிற்சி பெற்ற பாட்டி ஒருவர். வருகிறவர் தம் பாரத்தைச் சொல்ல, அதில் எந்தச் சிக்கலை முதலில் அவிழ்க்கலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். 573 பேரைக் கொண்டு முறையாக நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. பாட்டிமாரிடம் பேசியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. அதன்பின் நியூயார்க் நகரமே இந்த முறையைக் கற்றுக்கொண்டது.

இங்கே பயன்பட்ட சிக்கல் தீர்க்கும் சிகிச்சைமுறை மேற்கில் உருவானது. பாட்டியும் இருக்கையும் பேச்சுமுறையும் ஹராரேயினுடையவை. சோதித்துப் பார்த்த முறை எல்லோருக்கும் பொதுவானது. எது யாருடையது என்று பிரித்துச் சண்டையிடுவதைவிட, இவை எந்த விகிதத்தில் சேர்ந்தன, யார் முடிவெடுத்தார்கள் என்று பார்ப்பது பயன்தரும்.

தியானம் மேற்கில் சிகிச்சையாகியிருக்கிறதே, அதையும் இப்படிச் சொல்லலாமா?

பௌத்த தியானத்தை அடிப்படையாகக் கொண்ட மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியது. வலியோடு வாழ்பவர்கள் பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் ஒழுக்கமும் சங்கமும் பிறர்மீதான கருணையும் கழிக்கப்பட்டு, அலுவலக நெருக்கடியைத் தனியாளாகச் சமாளிக்கும் உத்தியாக அது நம்மிடமே விற்பனைக்குத் திரும்பி வரும்போது, என்ன கழிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆங்கில வினாப்பட்டியலைத் தமிழில் பெயர்த்து ஆய்வு செய்யும் மாணவர் எதைக் கவனிக்க வேண்டும்?

மொழிபெயர்த்து, அதை மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சரிபார்த்துவிட்டால் போதும் என்று பல வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அது வாக்கியத்தைச் சரிபார்க்கும்; கேள்வி அந்த மக்களின் வாழ்க்கையில் பொருள்படுகிறதா என்பதைச் சரிபார்க்காது. நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்ணிடம் ‘வழக்கமாகச் செய்யும் பொழுதுபோக்குகளில் ஆர்வம் குறைந்திருக்கிறதா?’ என்று கேட்டால், இல்லை என்ற பதில் வரும். அந்தப் பதிலால் அவர் நலமாக இருக்கிறார் என்றாகாது. அதே பெண் நெஞ்சுப் படபடப்பையும் உடம்பெரிச்சலையும் தலைப்பாரத்தையும் அரை மணி நேரம் சொல்லக்கூடும்.

பின்பற்றத்தக்க எடுத்துக்காட்டு மீண்டும் ஹராரேயிலிருந்தே கிடைக்கிறது. இந்திய மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் 1990களில் அங்கே பணியாற்றியபோது, ஆயத்தமாக இருந்த வினாப்பட்டியலை மட்டும் நம்பாமல், நோயாளிகளும் மரபு வைத்தியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் மனத்துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை முதலில் திரட்டினார். அந்தக் குறைகளிலிருந்தே ஷோனா மொழியில் 14 கேள்விகள் கொண்ட பட்டியல் உருவாக்கப்பட்டு, எத்தனை கேள்விகளுக்கு ஆம் என்றால் கவனிக்க வேண்டும் என்பதும் அந்த ஊர் மக்களிடமே சோதித்து வரையறுக்கப்பட்டது. நட்பு இருக்கையில் அமரும் பாட்டிமார் பயன்படுத்துவது அந்தப் பட்டியலைத்தான். எனவே ஆய்வைத் தொடங்குமுன், அந்த ஊரில் பத்துப் பதினைந்து பேரிடமாவது ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்காட்டி, ‘இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்டு, வந்த பதிலை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எல்லை மதிப்பெண்ணை வேறு நாட்டுக் கட்டுரையிலிருந்து எடுக்காமல், உங்கள் மாவட்ட மருத்துவமனையின் மனநல மருத்துவர் நேரில் கண்டு சொல்லும் முடிவோடு ஒப்பிட்டு வகுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாத கேள்வியை நீக்கியிருந்தால், எதை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்பதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.